சிகிச்சை பலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே சிகிச்சையளிப்பது: டர்பன் தமிழ் ஆலோசகர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

உளச்சிகிச்சைக்கு வருபவர் தேறிவருகிறாரா, அல்லது நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கிறதா என்பது எதிரே அமர்ந்திருக்கும் ஆலோசகருக்குத் தானாகவே தெரிந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆலோசகர்களும் அப்படியே நம்புகிறார்கள். 2005-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. சிகிச்சையிலிருந்த 550 பேரில் யார் யார் இறுதியில் வந்தபோது இருந்ததைவிட மோசமான நிலையில் இருப்பார்கள் என்று அவரவருடைய சிகிச்சையாளரிடமே முன்கூட்டிக் கேட்டார்கள். முடிவில் மோசமானவர்கள் 40 பேர். சிகிச்சையாளர்கள் சுட்டிக்காட்டியதோ 3 பேரை மட்டுமே. அந்த மூன்றிலும் 1 கணிப்புதான் சரியாக இருந்தது. ஆனால், அதே ஆட்கள் ஒவ்வோர் அமர்விலும் நிரப்பிக்கொடுத்த கேள்வித்தாளின் மதிப்பெண்களை வைத்துக் கணக்கிட்ட முறை அந்த 40 பேரில் பெரும்பாலோரை முன்கூட்டியே அடையாளம் காட்டிவிட்டது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியும் உள்ள சட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க், டோங்காட் போன்ற இடங்களில் நம்மவர்களுக்கு ஆலோசனை வழங்குகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதலாகவே இருக்கும். நம் பெரியவர்கள் ஆலோசகரை மருத்துவருக்கும் வாத்தியாருக்கும் சமமாக வைத்துப் பார்க்கிறார்கள். ‘உங்கள் சிகிச்சையால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்வது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. ‘பரவாயில்லை, இப்போது கொஞ்சம் தேவலாம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் வராமலே நின்றுவிடுவார்கள். வாயால் சொல்லத் தயங்குவதை ஒரு தாளில் குறித்துக்காட்ட வழி செய்துகொடுப்பதும், குறித்ததைப் பற்றி அன்றைக்கே பேசுவதும்தான் இந்த வழிகாட்டியின் பொருள்.

இந்த முறையின் பலனை மிகைப்படுத்திச் சொல்லவும் கூடாது. 2021-இல் 58 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, இவ்வாறு பின்னூட்டம் பெற்று நடத்திய சிகிச்சையில் அறிகுறிகள் குறைவது சிறிய அளவில்தான் கூடுதலாக இருந்தது; பாதியில் நின்றுவிடும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதற்கு முன்பு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, தெளிவான முடிவுக்கு வரச் சான்றுகள் போதவில்லை என்று சொல்லியிருந்தது. பலன் ஏன் ஓரிடத்தில் கிடைக்கிறது, ஓரிடத்தில் கிடைப்பதில்லை என்பதற்கு 2012-இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு ஒரு விடையைத் தருகிறது: மதிப்பெண்ணைப் பார்த்து அதை உண்மையிலேயே பயன்படுத்திய சிகிச்சையாளர்களிடம்தான் பின்னூட்டம் வேலை செய்தது. படிவத்தை வாங்கிக் கோப்பில் செருகுவதால் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை. வருபவரின் ஐந்து நிமிடம் வீணாவதுதான் மிச்சம்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. மெடிக்கல் எய்ட் எனப்படும் தனியார் மருத்துவக் காப்புத் திட்டங்கள் கட்டாயமாகத் தர வேண்டிய குறைந்தபட்சச் சலுகைகளின்படி, பெரும் மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறுகளுக்கு வெளிநோயாளியாக ஆண்டுக்கு 15 உளச்சிகிச்சை அமர்வுகள் வரை கிடைக்கும். 1986-இல் வெளியான, இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஒரு கணக்கின்படி, 8 அமர்வுகளுக்குள் ஏறத்தாழ பாதிப் பேரிடம் அளவிடத்தக்க முன்னேற்றம் தெரியும். முக்கால் பங்கினரிடம் அது தெரிய 26 அமர்வுகள் ஆகும். கையில் இருப்பது 15 என்றால், வழி தவறியதைப் 12-ஆவது அமர்வில் கண்டுபிடிப்பது காலங்கடந்த செயல்.

எந்தப் படிவத்தை எடுப்பது

அளவுகோல்கள் பல உண்டு. ஒன்றைத் தேர்ந்து அதையே விடாமல் பயன்படுத்துவது, மூன்றை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கொடுப்பதைவிட மேல். மனச்சோர்வு முதன்மையாக இருப்பவருக்குப் பி.எச்.கியூ-9 என்ற கேள்வித்தாள் பொருந்தும். கடந்த 2 வாரங்களைப் பற்றிய 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. இதில் 10 முதல் மிதமான சோர்வு, 15 முதல் சற்றுக் கடுமை, 20 முதல் கடுமை என்று கொள்வது வழக்கம். பதற்றத்துக்கு இதன் உடன்பிறப்பான ஜி.ஏ.டி-7 இருக்கிறது, மொத்தம் 21. இரண்டும் இலவசம். எந்தச் சிக்கலாக இருந்தாலும் பொதுவாகப் பயன்படும் கோர்-10 படிவத்துக்கும் கட்டணம் இல்லை. அது 40-க்குக் கணக்கிடப்படும், 11-உம் அதற்கு மேலும் கவனிக்க வேண்டிய நிலை. இவை எல்லாவற்றிலும் எண் குறைந்தால் நல்லது.

ஓ.ஆர்.எஸ். எனப்படும் படிவம் வேறு மாதிரி. அதில் கேள்விகளே இல்லை. தனிப்பட்ட நலம், நெருங்கிய உறவுகள், வேலையும் வெளியுலகமும், மொத்தத்தில் எப்படி என்று 4 கோடுகள் மட்டும் இருக்கும். ஒவ்வொரு கோட்டிலும் தமக்குப் பொருந்தும் இடத்தில் ஒரு குறி போட்டால் போதும். மொத்தம் 40, இங்கே எண் கூடினால் நல்லது, வயதுவந்தோருக்கு 25 எல்லைக்கோடு, அதற்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டிய நிலை. தனியாகத் தொழில் செய்யும் ஆலோசகர்கள் பதிவுசெய்து தாள் வடிவத்தை இலவசமாகப் பெறலாம். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால், படிக்கக் கண்ணாடி தேடுகிற வயதினருக்கு என் தேர்வு இதுவே. ஒரு சின்ன எச்சரிக்கை: ஒவ்வொரு கோடும் சரியாக 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அச்சுப்பொறி தாளுக்கு ஏற்றாற்போல் சுருக்கிவிடும். நகலின் நகலை எடுக்கும்போது கோடு மேலும் குறுகும். பிறகு ஸ்கேலை வைத்து அளந்தால் 36 வரவேண்டியவருக்கு 34 வரும். புதிதாக அச்சடித்த ஒவ்வொரு கட்டையும் எடுத்தவுடன் ஒரு தாளை அளந்து பார்த்துவிடுங்கள்.

மொழி விஷயத்தில் டர்பனின் நிலைமை தனிப்பட்டது. ஆயா, தாத்தா வயதில் இருப்பவர்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், தமிழ் எழுத்து தெரியாது. இளையவர்களுக்கு ஆங்கிலமே வீட்டுமொழி. அண்மையில் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்களுக்குத் தமிழ்ப் படிவம்தான் வசதி, பி.எச்.கியூ-9 தமிழில் கிடைக்கிறது. எழுத்து தெரியாத பெரியவருக்கு வாசித்துக்காட்டலாம். அப்படி வாசிக்கும்போது கேள்வியை ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு விதமாக விளக்கினால், எண் மாறியது அவர் மாறியதாலா, நம் விளக்கம் மாறியதாலா என்று தெரியாமல் போய்விடும். முதல் முறை எந்தச் சொற்களில் விளக்கினீர்களோ, அவற்றைத் தாளின் ஓரத்தில் குறித்துவைத்து அடுத்தடுத்த முறைகளிலும் அவற்றையே சொல்லுங்கள். உடன் வந்த மருமகளோ பேத்தியோ வாசிப்பதையும், அவர்கள் சார்பில் குறிப்பதையும் அனுமதிக்கவே கூடாது. மருமகள் கையில் பேனா இருக்கும்போது ‘நெருங்கிய உறவுகள்’ என்ற கோட்டில் எந்த மாமியார் உள்ளதை உள்ளபடி காட்டுவார்?

முதல் அமர்வில் சொல்ல வேண்டியது

படிவத்தை வரவேற்பறையில் கொடுத்து வாங்குவது பெரிய மருத்துவமனைகளில் நடக்கும். நம் பகுதிகளில் வரவேற்பு மேசையில் இருப்பவர் வருபவருக்குத் தூரத்து உறவாகவோ, ஒரே கோயில் கமிட்டியைச் சேர்ந்தவராகவோ இருப்பது சாதாரணம். எனவே உள்ளே அழைத்து, கதவைச் சாத்திய பிறகு கொடுங்கள். நலம் பற்றிய தகவல்களைத் தனிச்சிறப்பான பாதுகாப்புக்குரியவை என்று வகைப்படுத்தியிருக்கிறது 2013-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். வாட்ஸ்அப்பில் ‘இந்த வாரம் எத்தனை மார்க்?’ என்று கேட்டு அனுப்புவது வசதியாகத் தோன்றலாம். அந்தக் கைபேசியை வீட்டில் எத்தனை பேர் எடுத்துப் பார்க்கிறார்கள் என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எதற்காக இந்தப் படிவம் என்பதை மூன்று நான்கு வாக்கியங்களில் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோய் இல்லாத வீடு நம்மில் குறைவு என்பதால் கீழ்க்கண்டவாறு சொன்னால் எவருக்கும் புரியும்:

“ஆன்ட்டி, மாத்திரை வேலை செய்யுதான்னு பார்க்க சுகர் டெஸ்ட் பண்ற மாதிரி, நாம இங்க பேசுறது வேலை செய்யுதான்னு பார்க்கத்தான் இந்தத் தாள். ஒவ்வொரு தரமும் தருவேன். எண் நல்லா வரணும்னு கட்டாயம் இல்ல. நல்லா வரலேன்னா, மாத்த வேண்டியது நான் செய்யற விதத்தத்தான். அதனால உள்ளதக் குறிங்க.”

இதில் முக்கியமான பகுதி ‘மாத்த வேண்டியது நான் செய்யற விதத்தத்தான்’ என்பது. இதைச் சொல்லாவிட்டால் பள்ளிக்கூடத் தேர்வு எழுதுவதுபோல் நல்ல மதிப்பெண் எடுக்க முயல்வார்கள். முதல் நாளில் சொன்னதை மூன்றாவது அமர்விலும் ஒருமுறை நினைவூட்டுவது நல்லது.

நேரத்தையும் முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். அறிகுறிகளைக் கேட்கும் படிவம் அமர்வின் தொடக்கத்தில். அமர்வு எப்படி இருந்தது என்று கேட்கும் எஸ்.ஆர்.எஸ். படிவம் முடிவுக்கு ஐந்து நிமிடம் முன்பு. எழுந்து போகிற நேரத்தில் கொடுத்தால் மரியாதைக்கு ஒரு குறி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

எண்ணை வாசிப்பது

ஒரு புள்ளி ஏறுவதும் இறங்குவதும் முன்னேற்றமோ பின்னடைவோ ஆகாது. எந்தப் படிவத்திலும் தற்செயலான ஏற்ற இறக்கம் உண்டு; அதைத் தாண்டிய மாற்றத்தைத்தான் மாற்றமாகக் கொள்ள வேண்டும் என்று 1991-இல் ஜேக்கப்சன், ட்ரூயாக்ஸ் ஆகிய இருவரும் கணக்கிட்டுக் காட்டிய முறையே இன்றைக்கும் அடிப்படையாக இருக்கிறது. நடைமுறைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: பி.எச்.கியூ-9-இல் 5 புள்ளி, ஓ.ஆர்.எஸ்.-இல் 5 புள்ளி, கோர்-10-இல் 6 புள்ளி. 45 கேள்விகள் கொண்ட, கட்டணம் செலுத்திப் பெற வேண்டிய ஓ.கியூ.-45 படிவத்தில் 14 புள்ளி. இந்த அளவு மாறியிருக்கிறதா என்பது முதல் கேள்வி. எல்லைக்கோட்டைக் கடந்து நலமானவர்களின் பக்கம் வந்துவிட்டாரா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால்தான் குணம் என்று சொல்லலாம். பி.எச்.கியூ-9-இல் 24-இலிருந்து 17-க்கு வந்தவர் தேறியிருக்கிறார், ஆனால் 10-க்குக் கீழே வராததால் குணமடையவில்லை.

எண்களை வரிசையாக எழுதிவைப்பதைவிடக் கோடாக வரைந்துவிடுங்கள். கணினி நிரல்கள் இருக்கின்றன. சதுரக்கட்டத் தாளும் பென்சிலும் போதும், லோட் ஷெடிங் மின்வெட்டு நேரத்திலும் அவை வேலை செய்யும். தாளில் எல்லைக்கோட்டைச் சிவப்பில் இழுத்துவிட்டு, அதை வருபவருக்கும் உங்களுக்கும் நடுவில், இருவரும் பார்க்கும்படி வையுங்கள். உங்கள் பக்கம் மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தால் அது பரீட்சைத் தாள் ஆகிவிடும்.

கோடு திடீரென்று மோசமான பக்கம் திரும்பினால், சிகிச்சையைக் குறைசொல்வதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். புரட்டாசி விரதத்திலோ காவடி விரதத்திலோ இருப்பவருக்குப் பசி, தூக்கம், களைப்பு பற்றிய கேள்விகளில் எண் கூடத்தான் செய்யும். நெருங்கியவரின் 16-ஆம் நாள் காரியம் நடந்த வாரம், இறந்தவரின் நினைவுநாள் வரும் வாரம், பிள்ளை ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த வாரம் ஆகியவையும் அப்படியே. 2021 ஜூலைக் கலவரத்தின்போதும் 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போதும் நடந்ததைப்போல ஊரே கலங்கிநிற்கும் வாரத்தில், உங்களிடம் வரும் எல்லோருடைய கோடும் ஒரே நேரத்தில் மோசமாகும். அப்போது ஒருவருடைய கோட்டை மட்டும் பார்த்துச் சிகிச்சையை மாற்றிவிட வேண்டாம். ஆனால், ‘அந்த வாரம் அப்படி’ என்ற சமாதானத்தை மூன்று வாரம் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தால், சமாதானப்படுத்திக்கொள்வது நாம்தான் என்று பொருள்.

கோடு இறங்காதபோது

இந்த முறை தன் விலையைத் திருப்பித் தருவது இந்த இடத்தில்தான். நன்றாகத் தேறிவருகிறவர் படிவம் இல்லாமலும் தேறியிருப்பார். மூன்று நான்கு அமர்வுகள் ஆகியும் அசைவே இல்லாதவருடன் என்ன பேசுகிறோம், அதன் பிறகு எதை மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். இது பலருடைய நிலைகளைச் சேர்த்து அமைத்த கற்பனை. சட்ஸ்வர்த்தில் இருக்கும் 60 வயதை நெருங்கிய ஓர் அம்மையார், கணவர் இறந்து ஓராண்டு, மகன் வெளிநாட்டில், மகள்வழிப் பேத்தியுடன் வாழ்கிறார். பி.எச்.கியூ-9 மதிப்பெண் முதல் நாள் 17, பிறகு 15, 16, 16. ஒவ்வொரு முறையும் ‘உன்னிடம் பேசினால் மனசு இலேசாகிறது’ என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். நான்காவது அமர்வில் ஆலோசகர் தாளைக் காட்டுகிறார்:

“ஆன்ட்டி, இந்தக் கோட்டப் பாருங்க. முத நாள் 17. இன்னிக்கு 16. நாலு தரம் பேசியும் இது இறங்கல. இது உங்க தப்பு இல்ல. நான் எத மாத்தணும்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.”

“ஐயோ, நீ நல்லாத்தாம்மா பேசற. என் தலையெழுத்து அப்படி.”

இந்த இடத்தில் பல ஆலோசகர்கள் ‘அப்படிச் சொல்லக்கூடாது ஆன்ட்டி’ என்று தேற்றிவிட்டு வழக்கமான பேச்சுக்குத் திரும்பிவிடுவார்கள். அவ்வளவோடு வாய்ப்பு போய்விடும். பொதுவாகக் கேட்டால் பொதுவான பாராட்டுத்தான் வரும் என்பதால், மறுப்புச் சொல்வதற்கு ஒரு சிறிய, குறிப்பான இடத்தை ஏற்படுத்திக்கொடுக்க வேண்டும்:

“சரி, தலையெழுத்துன்னே வச்சுக்குவோம். நாம இதுவரைக்கும் செஞ்சதுல ஒண்ண விட்டுடலாம்னா, எத விடலாம்?”

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொல்கிறார்: “அந்த எழுதற வேலைய விட்டுடலாமா? எனக்குக் கண்ணும் சரியாத் தெரியல, எழுதவும் அவ்வளவா வராது. நான் சொல்லச் சொல்ல பேத்திதான் எழுதறா. அவகிட்டப் போயி நான் எத்தச் சொல்றது?”

மனதில் ஓடும் எண்ணங்களைத் தினமும் எழுதிவரச் சொன்ன வீட்டுப்பாடம் அதுவரை ஒழுங்காக நிரம்பியே வந்துகொண்டிருந்தது. அந்தத் தாள்களில் இருந்தவை ஒரு பாட்டி தன் பேத்தி காதில் விழலாம் என்று தேர்ந்தெடுத்த எண்ணங்கள் மட்டுமே. ஆலோசகர் மூன்று வாரங்களாக அவற்றை வைத்துத்தான் சிகிச்சை நடத்தியிருக்கிறார். எண் இறங்கவில்லை என்பதை நடுவில் வைத்துப் பேசியிராவிட்டால் இது வெளியே வந்திருக்காது. அன்றே எழுத்து வேலை நின்றது. அதற்குப் பதிலாக, செவ்வாய்க்கிழமை கோயில் சமையற்கட்டுக்குப் போவது, கணவர் இருந்தபோது இருவரும் பார்த்துக்கொண்ட கறிவேப்பிலைச் செடிகளுக்கு மாலையில் தண்ணீர் விடுவது என இரண்டே செயல்கள் வாய்ப்பேச்சாக முடிவாயின. அடுத்த இரண்டு படிவங்கள், இந்த மாற்றம் சரியா என்று சொல்லும்.

எல்லோரிடமும் காரணம் இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்காது. தேடும்போது நான்கு திசைகளில் தேடுவது உதவும் என்பது ஓ.கியூ. முறையை உருவாக்கிய மைக்கேல் லாம்பெர்ட் குழுவினரின் வழி: ஆலோசகருடனான உறவில் விரிசல் இருக்கிறதா, மாற வேண்டும் என்ற விருப்பம் அவருக்கே இருக்கிறதா அல்லது வீட்டார் அனுப்பியதால் வந்திருக்கிறாரா, வெளியே தாங்கிப்பிடிக்க ஆட்கள் இருக்கிறார்களா, வாழ்க்கையில் புதிதாக ஏதேனும் நேர்ந்ததா. இவற்றுடன் நம் சூழலுக்கு நான் ஒன்றைச் சேர்ப்பேன்: அவர் வேறு யாரிடமும் பரிகாரம் தேடிக்கொண்டிருக்கிறாரா? பூசாரியிடமோ சர்ச்சிலோ மருந்துக்கடையிலோ சொல்லப்பட்டது உங்கள் ஆலோசனைக்கு நேர்மாறாக இருக்கக்கூடும். இதைக் குற்றம் விசாரிக்கும் தொனியில் கேட்டால் மறைத்துவிடுவார்கள்; ‘வேறு யார் யார் உங்களுக்கு உதவி செய்கிறார்கள்?’ என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

உறவில் விரிசல் என்றால் வீட்டுப்பாடத்தை மாற்றிப் பயனில்லை. வெளியே ஆதரவு இல்லை என்றால், பேச்சை ஆழமாக்குவதைவிட ஒரு மூத்தோர் மன்றத்திலோ இழப்புக்கான ஆதரவுக் குழுவிலோ சேர்த்துவிடுவது முதல் வேலை. உறக்கமும் பசியும் பற்றிய எண்கள் மட்டும் அசையாமல் இருந்தால், தைராய்டு, இரத்தசோகை, அவர் எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள். மாற்றத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று அமர்வுகளில் அசைவு இல்லையென்றால் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோவதும், அதன் பிறகு வேறொருவரிடம் அனுப்புவதும் தோல்வியல்ல. 15 அமர்வுகளில் மிச்சமிருப்பவற்றை அவருக்காகக் காப்பாற்றிக்கொடுப்பதாகும்.

எல்லாம் நன்று என்று குறிப்பவர்கள்

எஸ்.ஆர்.எஸ். படிவத்தில் தாம் மதிக்கப்பட்டோமா, பேச விரும்பியதைப் பேசினோமா, ஆலோசகரின் முறை பொருந்தியதா, மொத்தத்தில் எப்படி என்று 4 கோடுகள். 40-க்கு 36-க்குக் கீழே வந்தால் அன்றே விசாரிக்க வேண்டும் என்பது விதி. நம் பெரியவர்களிடம் இந்த விதி அநேகமாகப் பயன்படுவதில்லை; அவர்கள் 40-க்கு 40 போட்டுவிடுவார்கள். அறிகுறிகள் அசையாமல் இருக்க, அமர்வுக்கு மட்டும் முழு மதிப்பெண் தொடர்ந்து வருமானால், அது திருப்தியைக் காட்டுவதைவிட மரியாதையைக் காட்டுகிறது என்றே எடுத்துக்கொள்வேன்.

அப்போது, ‘எல்லாம் சரியா?’ என்பதைக் கேட்கவே வேண்டாம். ‘இன்றைக்குப் பேசாமல் விட்டுப்போனது என்ன?’, ‘அடுத்த முறை பேச்சைக் குறைத்து வேறெதையாவது செய்யலாமா?’, ‘உங்கள் தங்கை இங்கே உட்கார்ந்து பார்த்திருந்தால் எதைக் குறை சொல்லியிருப்பார்?’ என்பன போன்ற கேள்விகளைக் கேளுங்கள். மூன்றாவது கேள்வி குறிப்பாகப் பலன் தருவது. தன் குறையை வேறொருவர் வாயில் வைத்துச் சொல்வது நம்மவர்களுக்கு எளிது. ஒரு நாள் கோடு 38-க்கு வந்தால் அதை வரவேற்று, காரணம் கேட்டு, மறுவாரம் அதில் ஒன்றையாவது மாற்றிக்காட்டுங்கள். குறைத்துப் போட்டதற்கு ஆலோசகரின் முகம் ஒரு கணம் சுருங்கினாலும் போதும், அதன் பிறகு எப்போதும் 40-தான்.

ஒன்பதாவது கேள்வி

பி.எச்.கியூ-9-இன் கடைசிக் கேள்வி, இறந்துவிட்டால் தேவலை என்ற எண்ணத்தையும் தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. மொத்த எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், இந்த ஒரு கேள்விக்கு 0 தவிர வேறெது வந்தாலும் அவர் அறையை விட்டுப் போவதற்கு முன் நேரடியாகக் கேட்க வேண்டும். எனவேதான் படிவத்தை வாங்கியவுடன் முதலில் கண் போக வேண்டிய இடம் அந்தக் கடைசி வரி. கேட்பதால் எண்ணம் உண்டாகிவிடும் என்ற பயம் தேவையில்லை; எண்ணம் மட்டுமா, திட்டமும் உண்டா, கையில் மாத்திரையோ பூச்சிமருந்தோ இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா என்று தெளிவான சொற்களில் கேளுங்கள். திட்டம் இருந்தால் தனியே வீட்டுக்கு அனுப்பக்கூடாது. அவர் சம்மதத்துடன் நம்பிக்கையான ஒருவரை வரவழைத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சேர்த்துவிட வேண்டும். அவர் மறுத்தாலும், உயிருக்கு ஆபத்து இருக்கும்போது 72 மணி நேர மதிப்பீட்டுக்கு 2002-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழி வைத்திருக்கிறது. எண்ணம் மட்டும் இருந்து திட்டம் இல்லாதவர்களிடம் தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழுவின் 24 மணி நேரத் தற்கொலைத் தடுப்பு எண்ணான 0800 567 567-ஐ எழுதிக்கொடுத்து, அதைக் கைபேசியில் உங்கள் முன்னிலையிலேயே சேமிக்கச் சொல்லுங்கள்.

கோப்பும் மேற்பார்வையும் நிறைவும்

படிவங்கள் சிகிச்சைப் பதிவின் ஒரு பகுதி. தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில் மன்றத்தின் வழிகாட்டுதலின்படி, கடைசியாகப் பயன்பட்ட நாளிலிருந்து குறைந்தது 6 ஆண்டுகள் காக்கப்பட வேண்டும். மேற்பார்வைக்குப் போகும்போது நன்றாகப் போகும் கோப்புகளை விட்டுவிட்டு, கோடு அசையாத இரண்டை எடுத்துச் செல்லுங்கள். நிறுவனங்கள் இந்த எண்களை வைத்து ஆலோசகர்களுக்குத் தரவரிசை போடத் தொடங்கினால், கடினமான ஆட்களை எடுத்துக்கொள்ள யாரும் முன்வரமாட்டார்கள். படிவம் வாங்கும்போதே ‘கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்’ என்ற வேண்டுகோளும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பயன்பாட்டை நான் எதிர்க்கிறேன்.

எப்போது நிறுத்துவது என்பதற்கும் கோடு உதவுகிறது. எல்லைக்கோட்டைக் கடந்து, தொடர்ந்து மூன்று அமர்வுகள் அங்கேயே நின்றால், வாரம் ஒருமுறை என்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாகவும், பிறகு மாதம் ஒருமுறையாகவும் தள்ளிவையுங்கள். இடைவெளி கூடியும் எண் நிலைத்தால் நிறைவு செய்யலாம். கடைசி அமர்வில், எண் எதைத் தொட்டால் திரும்ப வர வேண்டும் என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்து, அந்த எண்ணை வரைபடத்திலேயே குறித்து, அதன் நகலை அவர் விரும்பினால் அவரிடம் கொடுத்தனுப்புங்கள். வேறொருவரிடம் அனுப்பும்போதும், சம்மதம் பெற்று, அதே வரைபடத்தைக் கடிதத்துடன் இணைத்து, எந்த அமர்வில் எதை மாற்றினீர்கள், மாற்றிய பின் எண் என்ன ஆயிற்று என்பதை ஒவ்வொரு புள்ளிக்கும் அருகில் எழுதிவிடுங்கள். புதியவர் நீங்கள் ஏற்கெனவே செய்து பார்த்ததையே முதலிலிருந்து செய்யாமல் இருக்க அது போதும்.